பெரிய டயரின் பெருங்குணங்கள்

பெரிய டயர் போட்ட வண்டியைப் பாராட்டுகிறவர்கள் எல்லாரும் ஒரே இடத்தில் நின்றுவிடுகிறார்கள். "செம கெத்தா இருக்கு" என்பார்கள், பக்கத்தில் நின்று ஒரு படம் எடுப்பார்கள், போய்விடுவார்கள். கெத்து உண்மைதான். இரண்டு அங்குலம் லிஃப்ட் செய்த மகிந்திரா தார், வீல் ஆர்ச்சை அடைத்துக்கொண்டிருக்கும் 33 அங்குல டயரோடு தெருவுக்குள் திரும்பினால் டீக்கடை மொத்தமும் திரும்பிப் பார்க்கும். ஆனால் அந்த டயரின் உண்மையான குணங்கள் அழகைத் தாண்டி இருக்கின்றன. அவற்றைச் சொல்லத்தான் ஆளில்லை. விற்பவர் சொல்வதில்லை, வாங்கியவர் அனுபவித்தும் வெளியே சொல்வதில்லை. இத்தனை பெருமைக்குரிய ஒரு பொருளை வெறும் அழகுக்காக மட்டும் புகழ்வது அதற்குச் செய்யும் அநியாயம். ஆகவே விட்டுப்போன புகழை நான் எழுதுகிறேன்.

முதலில் அதன் வலிமை. காட்டுப் பாதையில் பாறை இடிப்பது பெரும்பாலும் பின் அச்சின் நடுவே தொங்கும் டிஃப்ரன்ஷியல் குண்டில். தாரின் பின் அச்சு ஒரே இரும்புத் துண்டாக இரு சக்கரங்களையும் இணைப்பது. லிஃப்ட் கிட் என்ன செய்தாலும் இந்த அச்சை ஒரு நூல் கூட உயர்த்தாது. ஸ்பிரிங்குக்கு மேலே இருக்கும் உடலைத்தான் உயர்த்தும். அச்சைத் தரையிலிருந்து தூக்கும் சக்தி உலகத்தில் டயருக்கு மட்டுமே உண்டு. எவ்வளவு தூக்கும் என்பதையும் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். 2020இல் வந்த தாரின் தொழிற்சாலை டயர் 255/65 ஆர்18. குறுக்களவு ஏறத்தாழ 789 மில்லிமீட்டர். அதைக் கழற்றிவிட்டு ஆசையோடு போடப்படும் 285/70 ஆர்17 டயருக்கு 831 மில்லிமீட்டர். வித்தியாசம் 42. அச்சு நிற்பது சக்கரத்தின் நடுவில் என்பதால் அதில் பாதிதான் அச்சுக்குக் கிடைக்கும். 21 மில்லிமீட்டர். ஏறத்தாழ ஒரு ரூபாய் நாணயத்தின் அகலம்.

ஐந்து டயர், அதற்கேற்ற ஐந்து அலாய் வீல், லிஃப்ட் கிட், பொருத்தும் கூலி, அலைன்மென்ட் எல்லாம் சேர்ந்து ஒரு லட்சத்தைச் சுலபமாகத் தாண்டும். லட்சம் ரூபாயை ஒரு ரூபாயின் அகலமாக மாற்றித் தரும் வல்லமை வேறு எந்த உதிரி பாகத்துக்கு இருக்கிறது?

அடுத்து அதன் உறவுப் பாசம். பெரிய டயர் தனியாக ஒரு வீட்டுக்குள் நுழைந்ததே இல்லை. கடையில் ஸ்டியரிங்கை நேராக வைத்து நிறுத்தியிருக்கும்போது எல்லாம் பொருந்திவிட்டது போலத் தெரியும். ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி, ஒரு பக்கச் சக்கரம் மேட்டில் ஏறி ஸ்பிரிங் அமுங்கும் நேரத்தில்தான் அது வீல் ஆர்ச்சின் உள் லைனரையும் பம்பர் மூலையையும் தொட்டு நலம் விசாரிக்கும். கொல்லிமலை ஏறினால் 70 கொண்டை ஊசி வளைவிலும் விசாரிக்கும். அந்தப் பிளாஸ்டிக்கை வெட்ட வேண்டும். வெட்டியும் உள்பக்கம் கன்ட்ரோல் ஆர்மில் உரசினால் டயரை வெளியே தள்ள வேறு ஆஃப்செட் உள்ள வீலோ, வீல் ஸ்பேசரோ வேண்டும். வெளியே தள்ளினால் வீல் பேரிங்கின் மீது விழும் பாரத்துக்கு நெம்புகோல் நீளம் கூடுகிறது. பேரிங் சீக்கிரம் பாடத் தொடங்கும். பால் ஜாயின்ட்டும் டை ராட் எண்டும் கூடவே வரும். ஸ்டெப்னியும் அதே அளவில் இருந்தாக வேண்டும். நான்கு டயர் 831இல் சுற்ற, ஐந்தாவது 789இல் சுற்றினால் ஃபோர் வீல் டிரைவில் கியர்களுக்குள் இழுபறி நடக்கும். அதனால் ஐந்தாவதையும் பெரிதாக வாங்கிப் பின் கதவில் மாட்டுகிறோம். பல கிலோ கூடிய அந்தச் சக்கரத்தை மேடு பள்ளத்தில் குலுங்கக் குலுங்கச் சுமப்பது, சிறிய சக்கரத்துக்காக அளவெடுத்துச் செய்த கதவுக் கீல்.

இதை நான் கற்பனையாக அடுக்கவில்லை. பெரிய டயரை உலகத்துக்குக் கற்றுக்கொடுத்த ஜீப் நிறுவனமே இந்த உறவுமுறையை ஒப்புக்கொண்டு நடந்திருக்கிறது. அமெரிக்காவில் ராங்ளர் ரூபிகானுக்கு 2021இல் 35 அங்குல டயரைத் தொழிற்சாலையிலேயே போட்டுத் தர முடிவெடுத்தபோது அவர்கள் டயரை மட்டும் மாற்றிவிட்டு நிறுத்தவில்லை. ஒன்றரை அங்குலம் உயர்த்தினார்கள். ஷாக் அப்சார்பரை அதற்கேற்ப மாற்றினார்கள். பின் கதவின் கீலைப் பலப்படுத்தினார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அச்சுக்குள் இருக்கும் கியர் விகிதத்தை 4.10இலிருந்து 4.56ஆக உயர்த்தினார்கள். ஒரு டயருக்காக வண்டியின் பாதியைத் திரும்ப யோசித்தார்கள். நம் ஊரில் அதே வேலையை ஒரு சனிக்கிழமை மதியத்தில் முடித்துக் கொடுக்கிறார்கள். பொறியியலில் இவ்வளவு வேகமான முன்னேற்றத்தைச் சாத்தியமாக்கிய பெருமையும் பெரிய டயரையே சேரும்.

கியரைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டதால் அதன் ஆசிரியப் பண்பைச் சொல்லிவிடுகிறேன். டயர் பெருக்கும் அளவுக்கு இன்ஜினின் இழுவை தரையில் குறையும். 831 மில்லிமீட்டர் டயரில் அது ஐந்து சதவீதம். தார் டீசலுக்கு 300 நியூட்டன் மீட்டர் இருக்கிறது, தாங்கிக்கொள்ளும். மாருதி ஜிம்னிக்கு 134தான். அதன் 195/80 ஆர்15 டயரைக் கழற்றி 235/75 ஆர்15 போட்டால் குறுக்களவு 693இலிருந்து 733க்கு ஏறுகிறது; ஆறு சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவு. எடையோ விளிம்பில் கூடுகிறது. சுழலும் பொருளில் மையத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் எடை இருக்கிறதோ, அந்தத் தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப அதைச் சுழற்றத் தேவைப்படும் முயற்சி பெருகும். டயரின் கனம் முழுக்கத் தூரத்தில்தான் இருக்கிறது. ஆக, முன்பு மூன்றாம் கியரில் ஏறிய மலைப்பாதையை இரண்டாம் கியரில் ஏறுவோம். வழியில் இருக்கும் மரம் செடியெல்லாம் கண்ணில் படும். பின்னால் வரும் பேருந்து ஓட்டுநரும் அதே பொறுமையைக் கற்றுக்கொள்வார்.

காட்டுக்குள் போனால் இந்தப் பாடம் தலைகீழாகிறது. பாறை மேல் ஊர்ந்து போவதற்காகத்தான் லோ ரேஞ்ச் கியர் என்று ஒன்றைத் தயாரிப்பாளர் கொடுத்திருக்கிறார். அங்கே எவ்வளவு மெதுவாகப் போக முடிகிறதோ அவ்வளவு பாதுகாப்பு. பெரிய டயர் அதே இன்ஜின் சுற்றுக்கு ஐந்து சதவீதம் கூடுதல் தூரம் உருட்டிவிடும். வேகம் வேண்டிய தார்ச்சாலையில் தயக்கத்தையும், தயக்கம் வேண்டிய பாறையில் வேகத்தையும் ஒரே கையால் வழங்குவது சாதாரணத் திறமை என்று என்னால் சொல்ல முடியாது.

இதன் குணங்களில் என் மனத்தை அதிகம் ஆட்டுவது தன்னடக்கம். வண்டிக்குத் தன் வேகம் நேரடியாகத் தெரியாது. சக்கரம் எத்தனை முறை சுற்றுகிறது என்பதை எண்ணி, ஒரு சுற்றுக்கு இத்தனை தூரம் என்று தொழிற்சாலையில் எழுதிவைத்த கணக்கால் பெருக்கித்தான் அது முள்ளை நகர்த்துகிறது. பழைய டயர் ஒரு சுற்றில் 2.48 மீட்டர் போகும், புதியது 2.61 மீட்டர். ஒவ்வொரு சுற்றிலும் 13 சென்டிமீட்டரை அது கணக்கில் காட்டாமல் ஓடுகிறது. வேகமானி 80 என்று சொல்லும்போது வண்டி 84இல் போகிறது; 100 என்னும்போது 105. செய்த சாதனையைக் குறைத்துச் சொல்லும் பணிவு. வேகமானி உண்மையைவிடக் குறைவாக ஒருபோதும் காட்டக்கூடாது என்று ஐக்கிய நாடுகளின் வாகன விதிகளில் 39ஆவது விதி சொல்கிறது. அந்த விதிக்காகவே தயாரிப்பாளர்கள் முள்ளைச் சற்றுக் கூடுதலாகக் காட்டும்படி வைப்பார்கள். அந்தச் சிறு காப்பைக் கரைத்துவிடுவதுதான் பெரிய டயர் செய்யும் முதல் காரியம்.

கிலோமீட்டர் கணக்கிலும் அதே அடக்கம். பத்தாயிரம் என்று காட்டும்போது உண்மையில் பத்தாயிரத்து ஐந்நூறைத் தாண்டியிருக்கும். ஆயில் மாற்றுவது தள்ளிப்போகும். பிறகொரு நாள் வண்டியை விற்கும்போது வாங்குகிறவர் இன்னும் இளமையான ஒரு வண்டியைப் பெற்றதாக மகிழ்வார். உரிமையாளருக்கு லாபம், வாங்குகிறவருக்கு மகிழ்ச்சி. இன்ஜினுக்கு மட்டும் தன் உண்மையான வயது தெரியும்.

பிரேக்குக்கு வருவோம். பிரேக் பிடிக்கும் இடம் சக்கரத்தின் நடுவில், தரையைத் தொடும் இடம் விளிம்பில். நடுவுக்கும் விளிம்புக்கும் உள்ள தூரம் கூடினால், பெடலை அதே அழுத்தத்தில் மிதித்தாலும் தரையில் கிடைக்கும் தடுப்பு விசை அந்த விகிதத்தில் குறையும். இங்கே ஐந்து சதவீதம். அதோடு, வேகமானி சொன்ன 80ஐ நம்பி உண்மையில் 84இல் போகிறோம் அல்லவா, வேகத்தின் வர்க்கத்தில் ஏறும் இயக்க ஆற்றல் 11 சதவீதம் கூடியிருக்கிறது. இரண்டையும் சேர்த்தால், பழக்கப்பட்ட கால் பழக்கப்பட்ட அழுத்தத்தில் மிதிக்கும்போது வண்டி நிற்கும் தூரம் ஏறத்தாழ 17 சதவீதம் நீள்கிறது. 35 அங்குலத்துக்குப் போனால் அதே கணக்கில் 43 சதவீதம். இன்னும் ஓங்கி மிதித்து இதில் பெரும்பகுதியை ஈடுகட்டலாம், டயருக்குப் பிடிப்பு இருக்கும்வரை. அந்தப் பிடிப்பு மட் டெரைன் டயர் என்றால், மழை நனைத்த தார்ச்சாலையில் தாராளமாக இருப்பதில்லை. சேற்றைக் கவ்வுவதற்காகக் கட்டை கட்டையாக வெட்டிய ரப்பர், வழுவழுப்பான ஈரச் சாலையைத் தொடும் பரப்பு குறைவு.

இந்த ஒரு இடத்தில் பெரிய டயரின் கொடைத்தன்மை வண்டிக்காரரைத் தாண்டி ஊருக்கே விரிகிறது. நீண்டுபோன அந்தத் தூரத்தில் யார் நிற்பார்கள் என்பதை அது பார்ப்பதில்லை. பள்ளி விட்டு சைக்கிளில் குறுக்கே வரும் பிள்ளையாக இருக்கலாம், சந்தைக்கூடையோடு சாலையைக் கடக்கிற ஒரு பாட்டியாக இருக்கலாம். எல்லாருக்கும் சமமாக வழங்கும். எதிரே வருகிறவர்களுக்கு வெளிச்சம் வழங்குவதையும் இங்கேயே சேர்த்துக்கொள்ள வேண்டும். வண்டியின் மூக்கைப் பின்பக்கத்தைவிடக் கூடுதலாக உயர்த்தினால் ஹெட்லைட்டின் கற்றை மேல்நோக்கிச் சாய்ந்துவிடும். லோ பீமிலேயே எதிரில் வரும் இருசக்கர வண்டிக்காரரின் முகம் முழுக்க ஒளி. திருகாணியைத் திருப்பிக் கற்றையை மறுபடி தாழ்த்தி வைப்பது ஐந்து நிமிட வேலை. பட்டியலில் இல்லாத வேலை என்பதால் பெரும்பாலும் அது நடப்பதில்லை. மட்கார்டைத் தாண்டி வெளியே நிற்கும் டயர், மழை நாளில் பின்னால் வரும் ஸ்கூட்டருக்குச் சேறும், வெயில் நாளில் பொடிக்கல்லும் வாரி வழங்கும். ஹெல்மெட்டின் கண்ணாடியை மூடாமல் வருகிறவர்களுக்கு நேராகக் கண்ணிலேயே கொடுக்கும். இந்த நாட்டில் சாலைகளை நிறைத்து ஓடுவது இருசக்கர வண்டிகள்தான் என்பதால், பயன்பெறுவோர் தொகைக்குக் குறைவில்லை.

வண்டிக்குள் இருப்பவர்களையும் அது மறப்பதில்லை. லிஃப்ட்டும் டயரும் சேர்ந்து உடலை ஏறத்தாழ ஏழு சென்டிமீட்டர் உயர்த்துகின்றன. மூன்று கதவுத் தாரின் பின் சீட்டுக்கு ஏறுவது ஏற்கெனவே ஒரு பயிற்சி. முழங்கால் வலி உள்ள அம்மாவுக்கு இனி அந்தப் பிரச்சினையே இல்லை, அவர் வரமாட்டார். மகனும் மருமகளும் குலதெய்வக் கோயிலுக்குப் போய் வந்து விபூதி கொடுத்தால் போதும் என்று இருந்துகொள்வார். 2020 நவம்பரில் குளோபல் என்கேப் விபத்துச் சோதனையில் தார் வாங்கிய நான்கு நட்சத்திரமும் அப்படித்தான் வீட்டிலேயே தங்கிவிடுகிறது. அந்த நட்சத்திரங்கள் தொழிற்சாலை உயரத்தில், தொழிற்சாலை டயரில் நின்ற வண்டிக்குக் கொடுத்தவை. மேலே போன ஈர்ப்பு மையத்தோடு திடீரென்று ஒடித்துத் திருப்பும் வண்டி, சோதனைக்கூடம் பார்க்காத வண்டி.

லிஃப்ட்டைத் தனியாகப் புகழாவிட்டால் அது வருந்தும். இங்கே பெரும்பாலும் போடுவது ஸ்பிரிங்கின் மேல் ஒரு கட்டையை வைக்கும் ஸ்பேசர் லிஃப்ட். விலை குறைவு, வேலை சுலபம். தாரின் முன்பக்கம் தனித்தனியாக அசையும் டபுள் விஷ்போன் அமைப்பு. அதில் ஸ்பேசர் வைத்தால், சக்கரம் கீழ்நோக்கித் தொங்குவதற்கென்று வைத்திருந்த இடத்தில் ஒரு பகுதியை நின்ற நிலையிலேயே செலவழித்துவிடுகிறோம். குழி வரும்போது சக்கரம் இறங்கித் தரையைத் தேட வேண்டும். தேட இடம் இல்லாததால் அந்தரத்தில் நிற்கும். ஒரு சக்கரம் வானத்தைப் பார்க்கும் அந்தப் புகைப்படம் மிக அழகாக வரும். இழுவை இல்லாமல் அது சுழல்வதைப் புகைப்படத்தில் காண முடியாது. டிரைவ் ஷாஃப்ட் கூடுதல் கோணத்தில் சாய்ந்து ஓடுவதால் அதன் ரப்பர் பூட் சீக்கிரம் கிழிந்து மண்ணை உள்ளே அழைக்கும். ஜிம்னி போல முன்னாலும் ஒரே அச்சு உள்ள வண்டியில் கதை வேறு. அங்கே லிஃப்ட் செய்தால் கேஸ்டர் கோணம் குறையும், நேராக ஓடும் பழக்கத்தை ஸ்டியரிங் மறந்துவிடும். பான்ஹார்டு ராட் அச்சையே ஒரு பக்கமாக இழுத்துவைக்கும். கேஸ்டரைத் திருத்தத் தனி புஷ் விற்கிறார்கள், ராடைத் திருத்தத் தனி ராட் விற்கிறார்கள். உறவு இன்னும் விரிகிறது.

இத்தனை புகழையும் தன் உடம்பில் உண்மையாகச் சுமக்கும் பெரிய டயர்களும் இருக்கின்றன. அவற்றைச் சொல்லாமல் போனால் நான் எழுதியதற்கு நியாயம் இல்லை. ஐஸ்லாந்தில் பனிப்பாறைகளின் மேல் ஓடும் வண்டிகளுக்கு 38 அங்குலம், 44 அங்குலம் என்று போடுகிறார்கள். அங்கே பனிக்குள் புதையாமல் மேலே மிதக்க வேண்டும். காற்றை ஐந்து பி.எஸ்.ஐ.க்கும் கீழே இறக்கி, டயரைச் சப்பையாக்கிப் பரப்பிக்கொண்டு போவார்கள். அந்த அகலமும் உயரமும் அங்கே உயிர் காக்கும். அதற்காக அவர்கள் வீல் ஆர்ச்சை வெட்டி எடுத்துப் புதிதாகக் கட்டுகிறார்கள், அச்சுக்குள் கியரை மாற்றுகிறார்கள், வேகமானியைத் திருத்துகிறார்கள். பனிப்பாறை கேட்டதால் டயர் வந்தது. டயர் கேட்டதால் மற்றதெல்லாம் வந்தது. நம் வண்டிகளின் டயரை எது கேட்டது என்று யோசித்தால், ஈ.சி.ஆர். சாலையில் ஒரு வேகத்தடையும், மால் ஒன்றின் வாகன நிறுத்தத்தில் ஒரு சாய்தளமும் நினைவுக்கு வருகின்றன.

உண்மையாகவே கரடுமுரடான பாதை நம்மிடம் இல்லாமல் இல்லை. தேனி மாவட்டத்தில் இருக்கும் கொழுக்குமலைக்குத் தமிழ்நாட்டுப் பக்கமிருந்து வண்டிப் பாதை கிடையாது. கேரளத்தின் சூரியநெல்லியிலிருந்துதான் ஏற வேண்டும். ஏழாயிரம் அடிக்கு மேல் இருக்கும் அந்தத் தேயிலைத் தோட்டத்துக்குப் பாறையும் குழியுமான பாதையில் விடியலுக்கு முன்னால் சுற்றுலாக்காரர்களை ஏற்றிப்போகிறவர்கள் பழைய மகிந்திரா ஜீப் ஓட்டும் உள்ளூர்க்காரர்கள். அந்த ஜீப்புகளின் கால்கள் ஒல்லி. 1941இல் போருக்குப் போன வில்லிஸ் ஜீப்பின் 6.00-16 டயர் வழி வந்த மெலிந்த பரம்பரை அது. மெலிந்த டயர் மேல் சேற்றைக் கிழித்துக்கொண்டு அடியில் இருக்கும் கெட்டி மண்ணைப் போய்த் தொடும். ஓட்டுநர் எந்தக் கல்லின் மேல் எந்தச் சக்கரம் ஏற வேண்டும் என்று பார்த்துப் பார்த்து வைப்பார். அவருக்கு 21 மில்லிமீட்டரின் மகத்துவம் தெரியாது. கல்லுக்கு இடப்பக்கம் போனால் அச்சு இடிக்காது என்பது மட்டும் தெரியும். பெரிய டயரின் அருமை தெரியாமலேயே ஒரு தலைமுறை முழுக்க அந்த மலையில் ஏறி இறங்கி, பிள்ளைகளைப் படிக்கவைத்துவிட்டது.

காற்றை இறக்குவதைப் பற்றியும் அவர்களைப் போன்றவர்கள்தான் பேசுவார்கள். 18 பி.எஸ்.ஐ.க்கு இறக்கினால், இருக்கிற டயரே முன்னும் பின்னும் நீண்டு தரையைப் பிடித்துக்கொள்ளும். தூத்துக்குடிப் பக்கத்துத் தேரிக்காட்டுச் செம்மணலில் புதைந்து நிற்கும் வண்டியை வெளியே கொண்டுவர, பெரும்பாலும் அந்த ஒரு காரியம் போதும். தேவைப்படுவது ஒரு காற்றுமானி, திரும்ப நிரப்ப ஒரு சிறு கம்ப்ரசர். இரண்டும் சேர்ந்தாலும் விலை ஒரு பெரிய டயருக்குக் கீழே. தார்ச்சாலைக்குத் திரும்பியதும் நிரப்பிவிட வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. வேகமானி மாறாது, பிரேக் மாறாது, அம்மா ஏறுவது மாறாது. இவ்வளவு சிக்கனமான வழியைக் கடைகளில் யாரும் சிபாரிசு செய்யாததற்குக் காரணம், காற்றை இறக்குவதில் யாருக்கும் பிழைப்பு இல்லை.

சட்டத்தோடும் பெரிய டயருக்கு நல்ல பழக்கம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்து ஆர்.சி.யில் ஏறிய விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதையே உறுதிப்படுத்தியது. அதே ஆண்டின் திருத்தச் சட்டம், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ என்று வைத்தது. வண்டி மூணாறு, வாகமண் என்று கேரளத்துக்குள் போகும்போது இதை நினைவூட்ட அங்கே வாகன ஆய்வாளர்கள் சாலையிலேயே நிற்பார்கள்; மாற்றியமைத்த வண்டிகளிடம் அவர்கள் காட்டும் கண்டிப்பு ஆஃப்ரோடு வட்டாரத்தில் பிரசித்தம். விபத்து என்று வந்துவிட்டால் காப்பீட்டு நிறுவனத்தின் சர்வேயர் முதலில் குனிந்து படிப்பது டயரின் பக்கவாட்டில் புடைத்திருக்கும் எண்களை. அந்த எண்கள் பெரிய எழுத்தில், வெள்ளையாக, தூரத்திலிருந்தே தெரியும்படி இருக்கும். ஒளிவுமறைவு என்பதே அதனிடம் கிடையாது.

கழற்றிப் போட்ட பழைய ஐந்தும் என்ன ஆகின்றன என்று கேட்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. ஷோரூமிலிருந்து நேராகக் கடைக்கு வந்த வண்டியின் டயர் என்பதால் ரப்பர் முடி கூட உதிர்ந்திருக்காது. பாதி விலைக்கு அவை விற்பனைக்கு வரும். தேய்ந்த டயரை மாற்றக் காத்திருக்கும் இன்னொரு தார்க்காரர் விஷயம் தெரிந்து ஓடிவந்து ஐந்தையும் அள்ளிக்கொண்டு போவார். அவர் வண்டியில் முள் 80 என்றால் 80ஐத் தாண்டாது, பிரேக் கால் பழகிய இடத்திலேயே பிடிக்கும், ஆர்.சி.யில் இருப்பதும் சக்கரத்தில் இருப்பதும் ஒன்றாக இருக்கும். மிச்சமான பணத்தில் ஒரு கம்ப்ரசர் வாங்கிக்கொண்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமையே தேரிக்குப் போய்விடுவார்.